குடைக்காரருக்குப் பல்வலி

அந்த மனிதரின் தொழில் ஏசி பழுது பார்ப்பது. வாரத்தில் ஆறு நாளும் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வங்கி, துணிக்கடை, கல்யாண மண்டபம் என்று ஏறி இறங்குவார். புதன்கிழமை மதியம் மட்டும் இரண்டு மணி நேரம் ஏணியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மூக்கைக் கொஞ்சம் அடைத்து, தொண்டையைக் கொஞ்சம் இறுக்கி ஒரு செருமல் செருமுவார். அவ்வளவுதான், ஆள் மாறிவிடும். உள்ளே நிற்பது ஏசிக்காரர் இல்லை, குடைக்காரர்.

குடைக்காரரைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. 'மூணாவது மாடி' என்ற கார்ட்டூன் தொடரில் வரும் அப்பா அவர். உருண்டை உடம்பு, வழுக்கைத் தலை, தொப்புள் வரைக்கும்கூட எட்டாத கழுத்துப்பட்டை. குடைக்கடை வைத்திருப்பார், மழை பெய்கிற அன்று மட்டும் கடையைத் திறக்க மறந்துவிடுவார். அவருக்கு ஒரு மனைவி, நாலாம் வகுப்பு படிக்கிற ஒரு மகன், அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் முதல் வாரமே பழுதாகிப்போன ஒரு லிஃப்ட். இருபத்தாறு வருடமாகியும் லிஃப்ட் ஓடவில்லை, மகனும் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. அவனோடு சேர்ந்து நாலாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் இப்போது தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அதே தொடரைப் பார்த்தார்கள். காலையில் பழைய பகுதி, சாயங்காலம் அதைவிடப் பழைய பகுதி, ஞாயிற்றுக்கிழமை புதுசு. முடிவெட்டும் கடையிலும் பேருந்து நிலையத்திலும் யாரும் கவனித்துப் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் யாராவது நிறுத்தினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதற்குள் அவர் போய்ச் சேர்ந்ததும் ஒரு விபத்து மாதிரிதான். இருபத்தாறு வருடத்துக்கு முன் அந்தக் கூடத்தில் ஏசி சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். நாடகத்தில் பேர்பெற்ற ஒரு நடிகர் குடைக்காரருக்குப் பேசிப் பேசிப் பார்த்து, சரிப்படாமல் வெளியே போய் நின்றிருந்தார். மெக்கானிக் ஏணி மேல் இருந்தார். கீழே நின்ற உதவியாள் மெஷினில் என்ன கோளாறு என்று கேட்டிருக்கிறான். அவர் குனிந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சொல்றேன். மெஷினுக்கு ஒண்ணும் வயசாகல. இத வாங்கிப் போட்டவருக்குத்தான் ஆயிடுச்சு."

மைக் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மெஷினை வாங்கிப் போட்டவர் இயக்குநரேதான். காதில் ஹெட்ஃபோனோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார். கோபப்படுவதற்குப் பதிலாக எழுந்து ஓடிவந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள், மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார்.

அன்றோடு அந்த வாக்கியம் மெக்கானிக்கின் கையை விட்டுப் போயிற்று. குடைக்காரர் வாரத்துக்கு நாலு தடவையாவது அதைச் சொன்னார். ஊரே சொன்னது. மெக்கானிக் மட்டும் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை பழக்கதோஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார்; அந்த அம்மாள் சிரித்துவிட்டு, மிமிக்ரி பரவாயில்லை, ஆனால் குரல் கொஞ்சம் ஒட்டவில்லை என்றாள். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குடைக்காரரின் குரல் யாருடையது என்று வெளியே சொல்லிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. வீட்டிலும் அந்தக் குரலுக்கு அனுமதி கிடையாது. நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி முதல் வருடமே கறாராகச் சொல்லிவிட்டாள்: புதன்கிழமை மதியம் அவரை யாரோ வைத்துக்கொள்ளட்டும், மற்ற நேரமெல்லாம் தனக்குத் தன் புருஷன் குரல்தான் வேண்டும்.

ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஸ்டூல் மேல் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். வலது கையில் இருந்த ஸ்குரூ டிரைவர் தானாக நழுவி விழுந்தது. கீழே உட்கார்ந்திருந்த வரவேற்புப் பெண்ணிடம் அதை எடுத்துக் கொடுக்கச் சொல்ல நினைத்தார். சொல்லவும் சொன்னார். ஆனால் வெளியே வந்தது வேறு.

"சட்டை," என்றார். "சட்டை… செவ்வாய்."

அந்தப் பெண் விழித்தாள். அவருக்கே தன் காதை நம்ப முடியவில்லை. மனசில் ஸ்குரூ டிரைவர் தெளிவாக இருந்தது. அதன் மஞ்சள் கைப்பிடிகூடத் தெரிந்தது. வாய்க்கு வரும் வழியில் யாரோ மாற்றிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் செவ்வாய். அதற்குள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த பல் டாக்டர், அவர் வாய் ஒரு பக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்ததும், கையில் போட்டிருந்த உறையைக்கூடக் கழற்றாமல் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து ஸ்டூலிலிருந்து இறக்கினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எந்த நிமிடத்தில் ஆரம்பித்தது என்று ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் செருகினார். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில், அந்தச் சீட்டுதான் பாதி வேலையைச் செய்தது என்றார்கள். மூளையில் இடது பக்கம் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. கரைக்கிற மருந்தை நேரத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் வலது கால் பிடிமானத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் கை விரல்கள் மடங்கின. பேச்சு மட்டும் வரவில்லை. மனைவி சொல்வதெல்லாம் புரிந்தது. வெளியூரில் கட்டட வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருந்த பொறியாளர் மகள், டாக்டரிடம் கேட்ட கேள்விகளும் புரிந்தன. பதில்தான் இல்லை. வாயைத் திறந்தால் ஒரு எழுத்து வரும், அதிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகள் அவர் கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தாள், எழுதவும் வரவில்லை. வாயால் பிழைத்தவன் இல்லை நான், கையால் பிழைத்தவன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சமாதானம் ஆகவில்லை.

வார்டில் எட்டுக் கட்டில். சுவரில் உயரமாக ஒரு டிவி, அதில் காலையும் மாலையும் 'மூணாவது மாடி'. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாலாம் நாள் சாயங்காலம் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தடவிக்கொண்டே, எங்கேயாவது வலிக்கிறதா, ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்டாள். குரல் உடைந்து அழுதுவிட்டாள். ஒன்றுமில்லை, பயப்படாதே என்று அவர் சொல்ல நினைத்தார். பலம் கொண்டமட்டும் முயன்றார். நாலு நாளாக அடைத்துக் கிடந்த வாய் திறந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சொல்றேன்."

தெளிவாக, முழுசாக, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. ஆனால் அது குடைக்காரரின் குரல். அடைத்த மூக்கு, இறுக்கிய தொண்டை, அப்படியே. ஒரு நொடி வார்டு மொத்தமும் டிவியைப் பார்த்தது. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எல்லோரும் அவர் கட்டிலைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் சிரிக்க, வார்டு முழுக்கச் சிரித்துவிட்டது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி எழுந்து நின்று வார்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். நூலகத்தில் இருபது வருடம் சத்தத்தை அடக்கிய பார்வை அது. சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்கும் ஆத்திரம்தான். ஆனால் சிரித்தவர்கள் மேல் பாதி, அந்தக் குடைக்காரர் மேல் மீதி. இத்தனை நாள் காத்திருந்ததற்குத் தன் புருஷன் வரவில்லை, அந்த ஆள் வந்து நிற்கிறானே என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மனைவி நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்தது கேலி இல்லை, சந்தோஷம்.

"இது நல்ல சேதிம்மா. யோசிச்சுப் பேசற பேச்சு ஒரு வழியா வரும். ஆயிரம் தடவ சொல்லிப் பழகின பேச்சு வேற வழியா வரும். இவருக்கு முதல் வழிதான் அடைஞ்சிருக்கு. ரெண்டாவது வழி தெறந்தே இருக்கு. அது வழியாவே உள்ள போவோம்."

அவருக்கு அது புரிந்தது. குழாய் ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கமாகக் காற்றை விட்டுப் பார்ப்பதை அவர் செய்யாத நாளில்லை. ஆனாலும் அந்தக் குரலில் வாயைத் திறக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் உதட்டை இறுக்கிக்கொண்டு கிடந்தார்.

அதை உடைத்தது பக்கத்துக் கட்டில்காரர். அவர் பேருந்து ஓட்டுநர், தலையில் பெரிய கட்டு. பொழுதுபோகாமல் மேலே பார்த்துப் படுத்திருந்தவர், தொடரில் குடைக்காரரின் மனைவி பேசுகிற வசனத்தை ஒரு காலை வேளையில் சும்மா எடுத்துவிட்டார்.

"உங்க அபிப்பிராயத்த இப்ப யாரு கேட்டா?"

கேட்டதும் மெக்கானிக்கின் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொன்னது. "கேக்கலன்னாலும் குடுக்கறதுதான் அபிப்பிராயம்."

ஓட்டுநர் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி அவரைப் பார்த்தார். "அண்ணே, நீங்க அவர மாதிரிப் பேசல. நீங்கதான் அவரு. சரியா?"

மெக்கானிக் தலையாட்டினார். இருபத்தாறு வருட ரகசியம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனது. போனதில் வருத்தம் இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். ஊசி போட வருகிற நர்ஸ் ஒரு வசனம் எடுத்துக் கொடுப்பாள். தரை துடைக்கிற அம்மாள் ஒன்று எடுத்துக் கொடுப்பாள். காலையில் சுற்று வருகிற பெரிய டாக்டர்கூட, மாணவர்கள் எதிரில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே, வீட்டுக்காரம்மா வாடகை கேட்கிற வசனத்தைச் சொன்னார். எல்லோரிடமும் ஒரு மூட்டை இருந்தது. அவர் எப்போதோ ஒரு புதன்கிழமை பேசிவிட்டு மறந்துபோனதை எல்லாம் இவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவருக்குப் பதில் வந்தது.

பயிற்சிக்காரப் பெண் இதைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய முதல் வாக்கியத்தில் கடைசிச் சொல்லை மட்டும் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். நான் ஒண்ணும் சொல்லல, ஆனா… படத்தில் ஒரு டம்ளர். முதல் பத்துத் தடவை, பாடம் பண்ணின மாதிரி 'சொல்றேன்' என்றுதான் வந்தது. பதினோராவது தடவை கொஞ்சம் நின்றார். நெற்றியில் வேர்த்தது.

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா… தண்ணி."

அன்று மனைவி கொடுத்த தண்ணீரை அவர் மூன்று டம்ளர் குடித்தார். தாகம் இல்லை. கேட்டு வாங்கிக் குடிப்பது நன்றாக இருந்தது.

மூன்றாம் வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணி, மாத்திரை, வெளிச்சம், போதும், இங்க வா என்று முப்பது, நாற்பது சொற்கள் சேர்ந்திருந்தன. எல்லாம் குடைக்காரர் குரலில். சமையலறையில் மனைவிக்கு அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் ஒரு விநாடி கரண்டி நிற்கும், பிறகு ஓடும். அவர் அதைக் கவனித்தார். கவனித்ததைச் சொல்லத்தான் சொற்கள் போதவில்லை.

நாலாம் வாரம் இயக்குநர் வந்தார். கையில் பழப் பை. என்ன சேதியோடு வந்திருப்பார் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். குடைக்காரர் குரலில் பேசத் தெரியாத மிமிக்ரிக்காரன் யார் இருக்கிறான்? கல்லூரிப் பையன்களே பேசுகிறார்கள். பிரபலம் ஆனதில் இருந்த கேடு அதுதான். அந்தக் குரல் எல்லோரிடமும் இருந்தது. இயக்குநரும் மறைக்கவில்லை. கைவசம் பதிவாகி இருப்பது இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் என்றார். சேனல்காரர்கள் ஆறு பேரை வைத்துக் குரல் பார்த்தார்கள், ஆறும் அச்சு அசல் என்றார். மெக்கானிக் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா கேக்கும்போது எனக்குச் சிரிப்பு வரல, மெக்கானிக். அவங்க குடைக்காரர மாதிரிப் பேசறாங்க. குடைக்காரர் யார மாதிரியும் பேச மாட்டாரு. அதனால அவருக்குப் பல்வலி வர வச்சிட்டோம்."

சேனல்காரர்களோடு சண்டை போட்டு அவர் செய்திருந்த ஏற்பாடு இது: குடைக்காரர் தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டு போட்டுக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல், இனி வரும் பகுதிகளிலெல்லாம் வெறும் 'ம்' சொல்லிக்கொண்டு திரிவார். அந்த 'ம்' மட்டும் உங்களால் முடியுமா என்று கேட்டார். மெக்கானிக் ஒரு 'ம்' சொன்னார். சரி என்று அர்த்தம் வருகிற 'ம்'. அதற்குள்ளேயே அழுகையும் கொஞ்சம் இருந்தது. அதையும் பதிவு பண்ணலாம் போலிருக்கே என்றார் இயக்குநர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

ஆறாம் வாரம், புதன்கிழமை மதியம், கண்ணாடி அறையில் நின்று பதினேழு விதமான 'ம்' சொன்னார். சந்தேக 'ம்', கடன்காரன் 'ம்', மாமியார் வந்திருக்கிறாள் என்று தெரிந்த 'ம்', பசி 'ம்', பசியை மறைக்கிற 'ம்'. குடைக்காரரின் மனைவிக்குப் பேசுகிற அம்மாளுக்கு அறுபது வயது. பக்கத்து மைக்கில் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் மூன்று தடவை வெளியே ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பான பிறகு ஊர் முழுக்க ஒரு வாரத்துக்கு யாரும் யாருக்கும் வார்த்தையில் பதில் சொல்லவில்லை என்று மகள் போனில் சொன்னாள். அவள் அலுவலகத்திலும் 'ம்'தானாம்.

அதுவரை சரி. ஆனால் வீட்டில் அவர் மனைவி தன் புருஷன் குரலுக்காக இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். அது வந்தது ஒரு சாதாரணக் காலையில். அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் குளியலறை வாசலில் வந்து நின்றார்.

"என் பிரஷ்ஷ எங்க வச்ச?"

அவள் மடிப்பு கையிலிருந்து நழுவியது. மூக்கு அடைக்கவில்லை, தொண்டை இறுகவில்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் சிடுசிடுப்பு. முப்பத்திரண்டு வருடமாகக் காலையில் எதையாவது காணோம் என்று தேடுகிற குரல். அவர் சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. அவள் பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, பிரஷ், பிரஷ் என்று பல் தேய்ப்பதுபோல ஜாடை காட்டினார். தப்பான சொல்லைச் சொல்லிவிட்டோமோ என்று பயந்துவிட்டார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நடுவில் சிரித்தாள், அன்று நூலகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். இருபது வருடத்தில் முதல் தாமதம். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

குடைக்காரரின் பல்வலி ஐந்தாம் மாதம் தீர்ந்தது. கட்டை அவிழ்த்துவிட்டுப் பேசுகிற முதல் பகுதி. அன்று கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதல் இரண்டு பக்கம் தடங்கலில்லாமல் போனது. மூன்றாவது பக்கத்தில், மழை வந்துவிட்டது, கடையைத் திறந்து ஒரு குடை எடுத்து வா என்று மனைவியிடம் சொல்ல வேண்டும். மழை என்றார். கடை என்றார். குடை வரவில்லை. தாளில் எழுதியிருக்கிறது, கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அது குடை என்று தெரிகிறது. நாக்கு மட்டும் திரும்ப மாட்டேன் என்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் அசையவில்லை. நிறுத்து என்று கை காட்டவும் இல்லை.

பக்கத்து மைக்கில் இருந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பாமலே, குடைக்காரரின் மனைவியாகவே கேட்டாள்.

"குடையா?"

"அதேதான்," என்றார் குடைக்காரர், இருபத்தாறு வருடக் கடுப்போடு. "இருபத்தாறு வருஷமா அதத்தான விக்கறேன். பேரு என்ன பேரு?"

இந்த வரி தாளில் இல்லை. அவராகவே யோசித்து, அவராகவே சொன்னது. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, ஒரு முழு வாக்கியத்தை எங்கேயும் இடறாமல் கடந்து வந்துவிட்டோம் என்று. அந்தப் பக்கம் இயக்குநர் மேசை மேல் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். திருத்தாமல் அப்படியே ஒளிபரப்பினார்கள். அதற்கப்புறம் குடைக்காரருக்கு மறதி ஒரு குணமாகவே ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு சொல்லாவது தொலைப்பார், மனைவி எடுத்துக் கொடுப்பாள். பாதி நேரம் நடிப்பு, பாதி நேரம் நிஜம். எது எது என்று அந்த அம்மாளுக்கு மட்டும் தெரியும்.

ஏணி ஏறுவதை விட்டுவிட்டார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கீழே நின்று மற்ற மெக்கானிக்குகளுக்குக் கோளாறு சொல்வதோடு சரி.

எட்டாம் மாதம் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் கடைசித் தடவை போனார். மனைவியும் கூடப் போனாள். அந்தப் பெண் ஒரு பெரிய படத்தை மேசை மேல் விரித்தாள். ஒரு தெரு, கடைகள், சாலையைக் கடக்கிற ஒரு குடும்பம், மதில் மேல் ஒரு பூனை. படத்தில் என்ன நடக்கிறது, தோன்றுவதையெல்லாம் சொல்லுங்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். மூன்று நிமிடம் கணக்கு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். குடும்பத்தையும் பூனையையும் ஒரே வரியில் முடித்துவிட்டார். பிறகு துணிக்கடைக்கு மேலே வரைந்திருந்த ஒரு சின்னப் பெட்டியில் விரலை வைத்தார். இந்த ஏசியோட வெளிப் பெட்டியை இப்படி மாட்டியிருக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். வெயில் நேராக விழுகிற பக்கம், அதுவும் இரண்டு ஆணியில் தொங்குகிறது, தண்ணீர் போகிற குழாய் எங்கே, கீழே நடக்கிறவர் தலையில்தானே சொட்டும் என்றார். நடுவில் இரண்டு இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றார். கையால் காற்றில் வரைந்துவிட்டுத் தாண்டிப் போனார். மூன்று நிமிடம் ஆனது. ஐந்து நிமிடமும் ஆனது. வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டிப் பார்த்தார்.

"போதும் சார்," என்றாள் அந்தப் பெண், ஏட்டை மூடிக்கொண்டே. "நீங்க இனிமே இங்க வர வேண்டாம்."

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கடைக்காரர் கறுப்பு நிறக் கூரை போட்டிருக்கிறார், சூடு எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி அவர் தோளைத் தட்டி எழுப்பி, கைப்பையை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் தலையசைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். படிக்கட்டு இறங்கும்போதும் அவர் கூரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். அவள் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.